திண்ணையில் காணோம், வீட்டுக்குள் இருக்கிறது: ஜிமெயிலில் ஆர்க்கைவ் ஆன மெயிலை மீட்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம். சித்தப்பா போனில் கூப்பிட்டார். "டேய், என் மெயிலை எவனோ ஹேக் பண்ணிட்டான்டா. ஆபீஸ்ல இருந்து ஃபார்ம் 16 அனுப்பியிருந்தாங்க. என் கண்ணால பார்த்தேன். இப்ப காணோம்."

ஃபார்ம் 16 என்பது சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஆபீஸ் கொடுக்கும் சான்றிதழ். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய 31-ம் தேதி கடைசி நாள். பதறாமல் என்ன செய்வார்? அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். போனைக் கையில் வாங்கவில்லை. "வழக்கமா எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே பாருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஜிமெயிலைத் திறந்தார். முதல் மெயிலின் தலைப்பை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் கட்டைவிரலால் அதைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு. மெயில் மறைந்தது. அடுத்ததைப் படித்தார், தள்ளினார். தினசரி காலண்டரில் தாள் கிழிக்கிற மாதிரி ஐந்தாறு மெயில்களைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "படிச்சாச்சுன்னா ஒதுக்கணும்ல?"

ஹேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் ஒதுக்கிய ஒவ்வொரு மெயிலும் ஆர்க்கைவுக்குப் போயிருந்தது. ஃபார்ம் 16-ம் அங்கேதான் கிடந்தது. இந்த மாதிரி அழைப்பு எனக்கு மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஜிமெயில் என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ஆர்க்கைவ் ஆனால் மெயில் எங்கே போகிறது?

எங்கேயும் போவதில்லை. இதை நம்புவதுதான் புதியவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்பாக்ஸ் என்பது ஒரு பெட்டி, அதிலிருந்து எடுத்து வேறு பெட்டியில் போடுகிறோம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜிமெயில் அப்படி வேலை செய்வதில்லை. உங்களுக்கு வரும் எல்லா மெயிலும் ஒரே கிடங்கில்தான் இருக்கிறது. புதிதாக வரும் மெயிலின் மேல் 'இன்பாக்ஸ்' என்று ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. அந்தச் சீட்டு இருக்கும்வரை அது முதல் பக்கத்தில் தெரியும். ஆர்க்கைவ் செய்தால் சீட்டு உரிந்துவிடும், அவ்வளவுதான். மெயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சித்தப்பாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: இன்பாக்ஸ்தான் திண்ணை. தெருவில் இருந்து பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்தான் தெரிவார். அவர் எழுந்து உள்ளே போய்விட்டால் வீட்டைவிட்டே போய்விட்டதாக அர்த்தமா? வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மறுபடி திண்ணைக்கு வருவார். ஜிமெயிலும் அப்படியே. ஆர்க்கைவ் ஆன மெயிலுக்கு எதிர்த் தரப்பு பதில் அனுப்பினால் அந்த உரையாடல் முழுக்கத் தானாக இன்பாக்ஸுக்கு வந்துவிடும்.

அழிப்பது, அதாவது டெலீட், வேறு கதை. அது குப்பைத் தொட்டி. தொட்டிக்குப் போன மெயில் 30 நாள் அங்கே இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். ஆர்க்கைவ் ஆனதற்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. ஐந்து வருஷம் கழித்துத் தேடினாலும் இருக்கும்.

இப்படி ஒரு பொத்தான் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பழங்கதை. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமானபோது ஒரு கணக்குக்கு 1 ஜிபி இடம் தருவதாகச் சொன்னார்கள். மற்ற இலவசச் சேவைகள் 2 எம்பி, 4 எம்பி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தேதி வேறு ஏப்ரல் 1 என்பதால் பலர் விளையாட்டு என்றே நினைத்தார்கள். இவ்வளவு இடம் இருக்கும்போது எதற்கு அழிக்க வேண்டும், கண்ணில் படாமல் ஒதுக்கினால் போதும், வேண்டும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு இலவச இடம் 15 ஜிபி. அதையும் போட்டோக்களும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆர்க்கைவ் செய்வதால் ஒரு துளி இடம்கூட மிச்சமாகாது. 'இடம் நிறைந்துவிட்டது' என்ற எச்சரிக்கை வந்தால் ஆர்க்கைவ் உதவாது, அழித்துத்தான் ஆகவேண்டும்.

கைப்பேசியில் எடுப்பது

இப்போதுதான், ஒரு நொடிக்கு முன்னால்தான் கைபட்டுப் போனது என்றால் எதையும் தொடாதீர்கள். திரையின் அடியில் ஒரு பட்டை தோன்றியிருக்கும். அதில் 'அண்டூ' என்று இருக்கும். அதைத் தட்டினால் மெயில் திரும்பி வந்துவிடும். பட்டை சில நொடிகளில் மறைந்துவிடும் என்பதால் இது உடனே கவனித்தவர்களுக்கு மட்டும்தான் உதவும்.

அந்த வாய்ப்பு போய்விட்டதா? சரி, இப்படிச் செய்யுங்கள்.

1. ஜிமெயில் ஆப்பைத் திறந்து, இடது மேல் மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் மூன்று கோடுகளைத் தட்டுங்கள். ஒரு நீளமான பட்டியல் விரியும்.

2. அதில் கீழே இறங்கிப் போனால் 'ஆல் மெயில்' என்று இருக்கும். ஸ்பேம், குப்பைத் தொட்டி ஆகியவற்றுக்கு அக்கம்பக்கத்தில் தேடுங்கள். 'ஆர்க்கைவ்' என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. ஜிமெயிலில் அந்தப் பெயரில் தனி அறையே கிடையாது. பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

3. ஆல் மெயிலைத் திறந்தால் எல்லாம் கலந்து கிடக்கும்: இன்பாக்ஸில் இருப்பவை, நீங்கள் அனுப்பியவை, ஆர்க்கைவ் ஆனவை. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தலைப்பு வரியைக் கவனியுங்கள். இன்னும் இன்பாக்ஸில் இருக்கும் மெயிலுக்குப் பக்கத்தில் 'இன்பாக்ஸ்' என்று சின்னதாக, சாம்பல் நிறத்தில் எழுதியிருக்கும். நான் சொன்ன சீட்டு அதுதான். உங்களுக்கு வந்த மெயிலில் அந்தச் சீட்டு இல்லையென்றால் அது ஆர்க்கைவ் ஆனது.

4. வேண்டிய மெயிலைத் திறங்கள். வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி, 'மூவ் டு இன்பாக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே சமயத்தில் பல மெயில்களை எடுக்க வேண்டுமானால் திறக்க வேண்டாம். பட்டியலிலேயே ஒன்றை அழுத்திப் பிடியுங்கள், டிக் விழும். மற்றவற்றையும் வரிசையாகத் தட்டித் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே உள்ள மூன்று புள்ளிகளுக்குப் போங்கள்.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இதே வழிதான். ஆனால் ஐபோனில் ஜிமெயில் ஆப் போடாமல், போனுடனேயே வரும் மெயில் ஆப்பில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கே 'மெயில்பாக்ஸஸ்' பட்டியலில் உங்கள் கணக்கின் கீழே ஆல் மெயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எடுத்துவிட்டேன், ஆனாலும் தெரியவில்லையே?

சித்தப்பா விஷயத்தில் இதுதான் நடந்தது. ஃபார்ம் 16 வந்த மெயிலைக் கண்டுபிடித்து, அவர் விரலாலேயே 'மூவ் டு இன்பாக்ஸ்' தட்டச் சொன்னேன். இன்பாக்ஸைத் திறந்தார். மேலே பார்த்தார். "எங்கடா? இன்னும் வரலையே" என்று மறுபடி முகம் சுருங்கியது.

வந்திருந்தது, ஆனால் மேலே இல்லை. இன்பாக்ஸ் தேதி வரிசையில் அடுக்கப்பட்டது. திரும்பி வரும் மெயில் தன் பழைய தேதிக்குரிய இடத்தில்தான் போய் உட்காரும். அந்த மெயில் ஜூன் மாத நடுவில் வந்தது. நாங்கள் தேடியதோ ஜூலையில். நடுவில் ஒரு மாதத்து விளம்பர மெயில்கள். அத்தனையையும் தாண்டிக் கீழே இறங்கிப் போனால் ஜூன் தேதிக்கு நடுவே சமத்தாக உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. சிலருடைய இன்பாக்ஸ் 'பிரைமரி', 'சோஷியல்', 'புரமோஷன்ஸ்' என்று பல தாவல்களாகப் பிரிந்திருக்கும். மெயில் முதலில் எந்தத் தாவலுக்கு வந்ததோ அதே தாவலுக்குத்தான் திரும்பிப் போகும். பிரைமரியில் மட்டும் தேடிவிட்டு வரவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

மறுபடி தொலையாமல் இருக்க, எடுத்த கையோடு ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவது நல்லது. மெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தைத் தட்டினால் போதும். பிறகு மூன்று கோட்டுப் பட்டியலில் 'ஸ்டார்டு' என்ற இடத்தில் அது எப்போதும் இருக்கும். தப்பித் தவறி மறுபடி ஆர்க்கைவ் ஆனாலும் அங்கே இருக்கும். இன்பாக்ஸின் உச்சியிலேயே வந்து நிற்க வேண்டுமென்றால் 'ஸ்னூஸ்' கொடுத்து நாளைக் காலை என்று நேரம் வையுங்கள். அந்த நேரத்துக்குப் புது மெயில் மாதிரி மேலே வந்து நிற்கும்.

கணினியில்

கணினியில் வேலை இன்னும் சுலபம். முடிந்தால் அங்கேயே செய்யுங்கள். இடது பக்கப் பட்டியில் இன்பாக்ஸ், ஸ்டார்டு என்று நாலைந்து பெயர்களுக்குக் கீழே 'மோர்' என்று ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால்தான் ஆல் மெயில் வெளியே வரும். அங்கேயும் இல்லையென்றால் யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கரத்தைக் கிளிக் செய்து, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போய், 'லேபிள்ஸ்' பக்கத்தில் ஆல் மெயிலுக்கு நேரே 'ஷோ' என்பதைக் கிளிக் செய்தால் வந்துவிடும்.

வேண்டிய மெயிலுக்கு இடதுபுறம் உள்ள சிறு கட்டத்தில் டிக் போடுங்கள். மேலே ஒரு வரிசைப் படங்கள் தோன்றும். எது எது என்று புரியவில்லையென்றால் மவுஸ் அம்பை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பாருங்கள், பெயர் தெரியும். 'மூவ் டு இன்பாக்ஸ்' என்று வருவதைக் கிளிக் செய்தால் முடிந்தது.

நூற்றுக்கணக்கான மெயில்களை ஒரே வீச்சில் ஆர்க்கைவ் செய்துவிட்டுத் தவிப்பவர்கள் கணினிக்குத்தான் வரவேண்டும். பட்டியலின் தலையில் உள்ள கட்டத்தில் டிக் போட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பவை மட்டும், வழக்கமாக 50 உரையாடல்கள், தேர்வாகும். உடனே மேலே ஒரு வரி தோன்றி 'எல்லா உரையாடல்களையும் தேர்ந்தெடுக்கவா' என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேட்கும். அதைக் கிளிக் செய்தால் மொத்தமும் தேர்வாகும். ஆனால் ஆல் மெயிலில் போய் இதைச் செய்யாதீர்கள், ப்ளீஸ். நீங்கள் அனுப்பிய மெயில்கள் உட்படப் பத்து வருஷத்துச் சரக்கு முழுவதும் இன்பாக்ஸில் வந்து கொட்டும். அப்புறம் அதைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதலில் தேடலால் சுருக்குங்கள். அனுப்பியவர் இன்னார், தேதி இதற்குள் என்று வடிகட்டிய பிறகு மொத்தமாகத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணால் தேடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்

ஆல் மெயிலில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடுவது போன வாரத்து மெயிலுக்குச் சரிப்படும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பத்திரப்பதிவு மெயிலை அப்படித் தேட முடியாது. மேலே இருக்கும் தேடல் பெட்டி ஆர்க்கைவ் ஆனதையும் சேர்த்தே தேடும் என்பது நல்ல செய்தி. ஸ்பேமையும் குப்பைத் தொட்டியையும் மட்டும் அது வழக்கமாகத் தொடாது.

கணினியில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் சிறு கோடுகள் போட்ட ஒரு படம் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் ஒரு படிவம் திறக்கும். 'ஃப்ரம்' என்ற இடத்தில் அனுப்பியவர் பெயரையோ மெயில் முகவரியையோ எழுதுங்கள். 'சப்ஜெக்ட்' என்பது தலைப்பு. தலைப்பு நினைவில்லை, உள்ளே இருந்த ஒரு சொல்தான் நினைவிருக்கிறது என்றால் 'ஹேஸ் த வேர்ட்ஸ்' என்ற இடத்தில் அதை எழுதுங்கள். 'டேட் வித்தின்' என்ற இடம் எனக்குப் பிடித்தது. சரியான தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பொங்கலை ஒட்டி வந்தது என்று தெரிந்தால் போதும். ஜனவரி 15 என்று போட்டு, முன்பின் இரண்டு வாரம் என்று தேர்ந்தெடுத்தால் அந்த இடைவெளிக்குள் வந்ததை மட்டும் காட்டும். கோப்பு ஏதாவது இணைத்து வந்திருந்தால் 'ஹேஸ் அட்டாச்மென்ட்' கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். அது ஒன்றே பாதிக் குப்பையை விலக்கிவிடும்.

கைப்பேசியில் இந்தப் படிவம் இல்லை. ஏதாவது ஒரு சொல்லைத் தேடிய பிறகு பெட்டிக்குக் கீழே சின்னச் சின்னப் பொத்தான்கள் வரிசையாக வரும். அனுப்பியவர், தேதி, இணைப்பு என்று அதிலேயே வடிகட்டலாம்.

நம் ஊர்ப் பெயர்களைத் தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'தமிழ்ச்செல்வி' என்ற பெயரை அவர் ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு எழுதியிருக்கிறாரா, எல் போட்டு எழுதியிருக்கிறாரா? நடுவில் சி-எச் இருக்கிறதா? முடிவில் உள்ள 'வி'-க்கு ஐ ஒன்றா, இரண்டா? ஓர் எழுத்து மாறினாலும் தேடல் கைவிரித்துவிடக்கூடும். பெயரைத் தமிழில் அடித்தால், அவர் ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் சிக்காது. சொல்லின் பாதியை மட்டும் அடித்தாலும் பெரும்பாலும் கிடைக்காது, முழுச் சொல்லாகக் கொடுக்க வேண்டும். அதனால் ஆட்களைத் தேடும்போது பெயரை விட்டுவிட்டு மெயில் முகவரியையோ, பொருளில் கண்டிப்பாக இருந்திருக்கும் ஒரு பொதுச் சொல்லையோ, எண்ணையோ தேடுங்கள். பாலிசி எண், பிஎன்ஆர் எண், கணக்கு எண்ணின் மறைக்கப்படாத பகுதி போன்றவை மெயிலில் தனிச் சொல்லாக நின்றால் உடனே சிக்கும்.

கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி. தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் 'இன்' என்று அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, ஒட்டியபடியே 'ஆர்க்கைவ்' என்று அடியுங்கள். ஆர்க்கைவ் ஆனவை மட்டும் வரும். பின்னால் ஓர் இடைவெளி விட்டு, தேட வேண்டிய சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். 'ஆர்க்கைவ்' இருந்த இடத்தில் 'எனிவேர்' என்று போட்டால் ஸ்பேம், குப்பைத் தொட்டி உட்பட எல்லா மூலையையும் துழாவும். கைப்பேசியிலும் இது வேலை செய்யும்.

அங்கேயும் இல்லை என்றால்

ஆல் மெயிலிலும் இல்லாத மெயில் ஆர்க்கைவ் ஆகவில்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது. முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். நம் ஊர்ப் போன்களில் அது 'ட்ராஷ்' என்றோ 'பின்' என்றோ இருக்கும், மொழி அமைப்பைப் பொறுத்தது. அங்கே கிடைத்தால் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளிகளில் 'மூவ் டு' தட்டி, இன்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஸ்பேமுக்கும் அதே 30 நாள்தான். அங்கே கிடந்தால் 'நாட் ஸ்பேம்' என்று அழுத்துங்கள்.

தொட்டியையும் காலிசெய்துவிட்டீர்களா? தனிப்பட்ட கணக்காக இருந்தால், காணாமல் போன மெயில்களுக்காகக் கூகுளின் உதவிப் பக்கத்தில் ஒரு மீட்புக் கோரிக்கை வைக்கலாம். யாரோ கணக்குக்குள் நுழைந்து அழித்துவிட்ட சந்தர்ப்பங்களுக்காக இருப்பது அது. கிடைக்கும் என்று உறுதி கிடையாது. அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த ஜிமெயில் கணக்கு என்றால் வாய்ப்பு அதிகம். தொட்டியில் இருந்தும் அழிந்த நாளில் இருந்து 25 நாளுக்குள் அங்கே உள்ள அட்மினால் மீட்டுத்தர முடியும். கூச்சப்படாமல் அன்றைக்கே ஐடி பிரிவில் போய்ச் சொல்லுங்கள்.

சில சமயம் மெயில் எங்கேயும் போயிருக்காது, இன்னொரு மெயிலுக்குள் ஒளிந்திருக்கும். ஒரே தலைப்பில் போய்வரும் பதில்களை ஜிமெயில் ஒரே கட்டாகக் கட்டிவைக்கும். பட்டியலில் ஒரு வரிதான் தெரியும், பக்கத்தில் எண்ணிக்கை இருக்கும். திறந்து உள்ளே விரித்துப் பார்த்தால் நீங்கள் தேடியது நடுவில் மடங்கிக் கிடக்கும். அந்தக் கட்டை ஆர்க்கைவ் செய்தால் உள்ளே உள்ள எல்லாம் சேர்ந்தே போகும் என்பதையும் கவனியுங்கள்.

நான் தொடவே இல்லை, தானாகப் போகிறது

இப்படிச் சொல்பவர்களை முதலில் நான் நம்புவதில்லை. ஆனால் பத்தில் ஒருவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவர்களுடைய கணக்கில் எப்போதோ போட்ட ஃபில்டர் ஒன்று இருக்கும். இன்னாரிடம் இருந்து மெயில் வந்தால் இன்பாக்ஸுக்குக் கொண்டுவராதே, நேராக ஆர்க்கைவ் செய் என்று அது ஓசைப்படாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். போட்டது யார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதைக் கைப்பேசி ஆப்பில் பார்க்க முடியாது. கணினியில் பல்சக்கரம், 'சீ ஆல் செட்டிங்ஸ்', பிறகு 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' என்ற பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு ஃபில்டருக்கும் கீழே அது என்ன செய்கிறது என்று எழுதியிருக்கும். 'ஸ்கிப் இன்பாக்ஸ்' என்று இருந்தால் அதுதான் ஆசாமி. 'எடிட்' கொடுத்து, அடுத்த திரையில் அந்த டிக்கை எடுத்துவிடலாம், அல்லது ஃபில்டரையே அழித்துவிடலாம். இனி வரும் மெயில்கள் ஒழுங்காக இன்பாக்ஸுக்கு வரும். ஏற்கெனவே உள்ளே போனவை தாமாக வராது, மேலே சொன்ன வழியில் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அதே அமைப்புகளில் 'ஃபார்வர்டிங் அண்ட் பாப், ஐமேப்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வேறொரு முகவரிக்கு மெயிலை அனுப்பிவிட்டு இங்குள்ள பிரதியை ஆர்க்கைவ் செய் என்றோ, அழித்துவிடு என்றோ அங்கே போட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதாவது அங்கே இருந்தால், சித்தப்பா சந்தேகப்பட்டதை நீங்கள் நிஜமாகவே சந்தேகப்படலாம். உடனே அந்த முகவரியை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

'மியூட்' என்று ஒன்று இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் சேர்ந்த உரையாடல்களில் ஓயாமல் பதில் வந்துகொண்டிருந்தால் சிலர் அதை அழுத்திவிடுவார்கள். மியூட் ஆன உரையாடல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் மாதிரி. புதுப் பதில் வந்தாலும் திண்ணைக்கு வராது. குடியிருப்போர் சங்கத்து மெயில் மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள், ஆல் மெயிலில் அதைத் திறந்து மூன்று புள்ளிகளில் 'அன்மியூட்' கொடுத்துவிட்டு, இன்பாக்ஸுக்கும் நகர்த்துங்கள்.

அவுட்லுக், யாஹூ

இவற்றில் ஆர்க்கைவ் என்ற பெயரிலேயே தனி ஃபோல்டர் உண்டு. தேட வேண்டிய இடம் அதுதான். திறந்து, மெயிலைத் தேர்ந்தெடுத்து, 'மூவ்' கொடுத்து இன்பாக்ஸைக் காட்டினால் வந்துவிடும். விண்டோஸில் பழைய அவுட்லுக் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மெயில் பட்டியலில் இருக்கும்போது பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டினாலே தேர்ந்தெடுத்த மெயில் ஆர்க்கைவுக்குப் போய்விடும். தட்டச்சில் ஒரு பிழையைத் திருத்தப்போய் மெயிலைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

விரல் பட்டாலும் போகாமல் இருக்க

போன மெயிலைத் திருப்பி எடுப்பதைவிட, போகாமல் தடுப்பது சுலபம், ஒரு நிமிட வேலை. பட்டியலில் விரலை இழுத்தால் ஆர்க்கைவ் ஆவது ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் ஆரம்பத்திலேயே அமைந்து வரும் ஏற்பாடு. ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்ப்பவர்களுக்கு அது வரம். எப்போதாவது பார்ப்பவர்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. ஆப்பில் மூன்று கோடு, 'செட்டிங்ஸ்', 'ஜெனரல் செட்டிங்ஸ்', அதில் 'ஸ்வைப் ஆக்ஷன்ஸ்'. வலப்பக்க இழுப்பு, இடப்பக்க இழுப்பு என இரண்டு இருக்கும், இரண்டையும் 'நன்' என்று மாற்றுங்கள். ஐபோனில் இது 'செட்டிங்ஸ்' உள்ளே 'இன்பாக்ஸ் கஸ்டமைசேஷன்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

புது மெயில் வரும்போது ஆண்ட்ராய்டு போனின் உச்சியில் இறங்கும் அறிவிப்பிலும் 'ஆர்க்கைவ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அறிவிப்பை ஒதுக்குகிறோம் என்று நினைத்து அதைத் தட்டுபவர்கள் அதிகம். அதே ஜெனரல் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் நோட்டிஃபிகேஷன் ஆக்ஷன்' என்ற இடத்தில் ஆர்க்கைவுக்குப் பதில் டெலீட் என்று மாற்ற வழி இருக்கிறது. மாற்றாதீர்கள். தெரியாமல் கைபட்டால் ஆர்க்கைவ்தான் பத்திரம், டெலீட் என்றால் 30 நாள் கெடு ஓட ஆரம்பித்துவிடும்.

சித்தப்பா போனில் இழுப்பு இரண்டையும் நிறுத்திக் கையில் கொடுத்தேன். திறந்தார். முதல் மெயிலைப் படித்தார். கட்டைவிரலால் ஒரு தள்ளு. மெயில் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளிப் பார்த்தார்.

"என்னடா, போனைக் கெடுத்துட்டியா?"